வெள்ளிக்கிழமை மேசை

ஆற்றின் தென்கரை ஊரான லொங்குய்யில் இருந்த அந்த அலுவலகத்தில் பிரஷாந்தினிக்கு அது கடைசி நாள். ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. நாட்டுக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு வேலை தேடிக்கொடுக்கும் அந்தத் தொண்டு நிறுவனத்தை, அதைவிடப் பெரிய இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு இயக்குநர்கள் தேவையில்லை. இணைப்பைப் பேசி முடித்ததே அவள்தான் என்பதால் யார்மீதும் கோபமில்லை. மத்தியானம் கேக் வெட்டினார்கள். பெரிய பூங்கொத்து ஒன்று கொடுத்தார்கள். இதை எப்படி மெத்ரோவில் கொண்டுபோவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது லக்சனா கைபேசியோடு வந்தாள்.

லக்சனா நிறுவனத்தின் விளம்பர வேலைகளைப் பார்க்கிறவள். இந்த நகரத்தின் கோத்-தெ-நேஜ் பகுதியில் பிறந்து வளர்ந்த பெண். பிரெஞ்சில் ஓடுகிற அவளுடைய பேச்சு தமிழுக்கு வந்ததும் கொஞ்சம் நடக்கத் தொடங்கும்.

"அக்கா, ஒரு சின்ன வீடியோ. உங்கட கரியர்ல பெஸ்ட் கம்பெயின் எது எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பேந்து எடிட் பண்ணுவன்."

தென்கரை முழுவதும் பஸ்களின் பக்கவாட்டில் ஒட்டிய விளம்பரத்தைத்தான் அவள் சொல்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்கு விருதுகூடக் கிடைத்திருந்தது.

"என்.டி.ஜி.யில செய்த ஒரு போஸ்டர்," என்றாள் பிரஷாந்தினி. "அது தோத்துப்போச்சு."

லக்சனா கைபேசியை இறக்கினாள். "அக்கா, தோத்ததை வீடியோவில போடேலாது."

எல்லோரும் சிரித்தார்கள். பிரஷாந்தினியும் சிரித்துவிட்டு, பஸ் விளம்பரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னாள். பூங்கொத்தை வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கோட்டு ரயிலில் ஏறினாள். அந்த ரயில் ஆற்றுக்கு அடியால் போகும். ஜன்னலில் தன் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்தச் சில நிமிடங்களில் அவளுக்கு அக்கரையில் இருந்த என்.டி.ஜி. பகுதி ஞாபகம் வந்தது.

பதினாறு வருடங்களுக்கு முன்பு அவள் தயிர் விற்றுக்கொண்டிருந்தாள். டவுன்டவுனில், கண்ணாடிக் கட்டடமொன்றின் உச்சிக்குக் கிட்ட இருந்த மாடியில், பெரிய தயிர்க் கம்பனியின் சந்தைப்படுத்தல் பிரிவுக்கு அவள் தலைவி. பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்து இறங்கி, ஒரு சொல் பிரெஞ்சு தெரியாமல் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைக்கு அது சிறிய உயரமல்ல. அந்த வருடக் குளிர்காலம் முழுவதும் தயிர்க் கோப்பையின் மூடிக்கு எந்த நீலம் பொருத்தம் என்பதைப் பற்றிய கூட்டங்களிலேயே அவளுக்குக் கழிந்தது. அந்த வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. கடையில் ஒரு பெண் குளிர்ப்பெட்டியைத் திறந்து, யோசிக்காமல் அவர்களுடைய நீலத்தை எடுப்பதைப் பார்க்கும்போது உண்மையாகவே நெஞ்சு குளிரும்.

அதே குளிர்காலத்தில்தான் அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. அம்மா என்.டி.ஜி.யில் தனியாக ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தார். சமைக்க முடியாதவர்களுக்கு வான் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சமையற்கூடம் ஒன்று அந்தப் பகுதியில் இருந்தது. பிரஷாந்தினி ஒரு தொலைபேசி அழைப்பில் அதை ஒழுங்குசெய்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவோடு இருந்தாள். பதினொரு மணியிலிருந்தே அம்மா அந்தரப்பட்டார். தலைமுடியை இழுத்து வாரினார். பொட்டு வைத்தார். வோக்கரைப் பிடித்துக்கொண்டு கதவுக்குக் கிட்ட ஒரு கதிரையில் போய் இருந்தார். மணி அடித்ததும் உள்ளே வந்தவர், சாப்பாட்டு வான் ஓட்டும் கிருபானந்தன். ஐம்பது வயது இருக்கும். தொப்பியில் பனி ஒட்டியிருந்தது.

"அக்கா, இண்டைக்கும் கரட் சூப்தான். உங்களுக்குப் பிடிக்காது எண்டு எனக்குத் தெரியும். என்னை ஏசிப்போட்டுக் குடியுங்கோ."

அம்மா சிரித்தார். காலநிலை, கிருபானந்தனின் நாரிப்பிடிப்பு வலி, மேல்வீட்டுப் பூனை என்று கதை போனது. அவர் போன பிறகு அம்மா சூப்பில் பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

"சாப்பாடு சரியில்லையோ அம்மா?"

"சாப்பாடு கிடக்கட்டும். அந்தத் தம்பி வந்து ரெண்டு கதை கதைச்சிட்டுப் போனா எனக்கு ஒரு நாளைக்கு அதுவே காணும்."

அன்று பின்னேரம் பிரஷாந்தினி நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஷெர்புரூக் வீதியில் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள். அம்மா கதவுக்குக் கிட்டப் போய் இருந்த அந்தக் கோலம் மனதை விட்டுப் போகவே இல்லை.

இளவேனிலில் அந்தச் சமையற்கூடத்துக்கு ஓர் இயக்குநர் தேவை என்று அறிவித்தார்கள். கணவன் ரதீசனிடம் சொன்னபோது அவன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

"சம்பளம் பாதிக்கும் கீழ," என்றாள்.

"யோசிச்சிட்டீரோ?"

"யோசிச்சிட்டன்."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கிறீர்?" என்றான் ரதீசன். கொஞ்ச நேரம் கழித்து, "கார் பழசாப் போச்சு எண்டு இனிக் கதைக்கக் கூடாது, சரியோ?" என்றான். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த விவாதம்.

கோயிலில்தான் கொஞ்சம் கதைத்தார்கள். தயிரை விட்டிட்டுச் சோத்துக்குப் போயிட்டாவாம் என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அது அவளுக்கே பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து ரதீசனிடம் சொல்லிச் சிரித்தாள்.

சமையற்கூடம் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருந்தது. தாழ்ந்த கூரை. கடுதாசிப்பெட்டி அளவு ஜன்னல்களால் ஆட்களின் கால்கள் மட்டும் தெரியும். காலையில் போனால் வெங்காயமும் ஈரச் சப்பாத்தும் கலந்த மணம் முகத்தில் அடிக்கும். முதல் வாரமே அவளுக்கு விஷயம் விளங்கியது: வந்துகொண்டிருந்த மானியத்தைக் குறைக்கப் போகிறார்கள், பொதுமக்களிடம் கேட்டாக வேண்டும். நிர்வாகக் குழுவின் தலைவி ஜினெத், ஓய்வுபெற்ற தாதி. வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவர். "உங்களை இதற்குத்தான் எடுத்தோம். தயிர் விற்றவருக்கு இது பெரிய வேலையா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

டவுன்டவுனில் பழக்கமான விளம்பர நிறுவனம் ஒன்று காசு வாங்காமல் செய்துதர முன்வந்தது. அவர்களுக்குத் தெரிந்த படம் ஒன்றுதான்: சாம்பல் நிற ஜன்னல், அதன் முன்னால் தனியாக ஒரு முதிய பெண், வெறும் கோப்பை. யாரைப் படம் எடுப்பது என்று கேட்டபோது கிருபானந்தன் உடனே சொன்னார். "பாலாம்பிகை அக்காவைக் கேளுங்கோ. அவ கமராவுக்குப் பயப்பிடமாட்டா. கமராதான் பயப்பிடும்."

பாலாம்பிகைக்கு அப்போது அறுபத்தாறு வயது. தையல் தொழிற்சாலையில் வருடக்கணக்காக வேலை செய்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. மகன் தூரத்தில், கல்கரியில். இடுப்பு எலும்பு முறிந்து தேறிய பிறகும், மூன்றாம் மாடியிலிருந்து வெளியே இறங்கும் சுருள் இரும்புப் படிக்குப் பயந்து, பனிக்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். படம் எடுக்கும் நாளில் பிரஷாந்தினியும் படப்பிடிப்பாளரும் போய்க் கதவைத் தட்டினால், அரக்கு நிறப் பட்டுச்சேலையோடு கதவு திறந்தது. உதட்டில் சாயம். காதில் கல்லுத்தோடு.

"அன்ரி, வீட்டில உடுக்கிற மாதிரி இருந்தாக் காணும் எண்டு சொன்னனாங்கள் எல்லோ," என்றாள் பிரஷாந்தினி.

"ஊரெல்லாம் ஒட்டப் போற படம் எண்டு நீர்தானே பிள்ளை சொன்னனீர். வீட்டுச் சட்டையோட ஊருக்குப் போறதோ?"

படப்பிடிப்பாளர் ஜன்னலைப் பார்த்து இருக்கச் சொன்னான். இருந்தார். சோகமாகப் பார்க்கச் சொன்னான். பாலாம்பிகை தொழிற்சாலையில் கற்ற பிரெஞ்சில், "ஏன்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கிருபானந்தன் சாப்பாட்டோடு வந்தார். பாலாம்பிகை மூடியைத் திறந்து ஒரு கரண்டி பருப்பை வாயில் வைத்தார்.

"தம்பி, உங்கட குசினியில உப்புக்குத் தட்டுப்பாடோ? கடலே இல்லாத ஊரில பிறந்தவையோ சமைக்கினம்?"

"டொக்டர் சொன்னது அக்கா, பிறஷர்."

"எனக்கில்லாத பிறஷரை உங்கட பருப்புத்தான் கொண்டுவரப் போகுது," என்றுவிட்டுப் பாலாம்பிகை தன் பகிடிக்குத் தானே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். படப்பிடிப்பாளரின் விரல் தானாக அமுங்கியது.

சோகமான படங்களில் ஒன்றையும் அந்தச் சிரிப்பையும் நிர்வாகக் குழுவின் முன் வைத்தார்கள். ஜினெத் சிரிப்புப் படத்தை ஒரு விரலால் தள்ளினார்.

"இவரைப் பார்த்தால் எனக்கே காசு இரவல் தருவார் போலிருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு யார் பணம் அனுப்புவார்கள்?"

"இவர் இப்படித்தான் இருக்கிறார்," என்றாள் பிரஷாந்தினி. "இவருக்குக் குறையாக இருப்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வான் போன பிறகு அடுத்த திங்கள்வரை இவரோடு கதைக்க ஒருவருமில்லை."

ஏன் வெள்ளிக்கிழமை என்று ஒருவர் கேட்டார். சனி ஞாயிறில் வான் ஓடாது. அதனால் வெள்ளியிலேயே மூன்று நாள் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த மேசையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அந்த விஷயம் அப்படிச் சொல்லப்பட்டதை அன்றுதான் கேட்டார்கள். நீண்ட நேரம் வாதாடியபின் பிரஷாந்தினி வென்றாள். மெத்ரோ நிலையங்களில் சிரிக்கும் பாலாம்பிகையின் படம் ஏறியது. கீழே பிரெஞ்சில் ஒரே ஒரு வரி: "வெள்ளிக்கிழமைகளில் நான் தனியாகச் சாப்பிடுகிறேன்." அதற்கும் கீழே சமையற்கூடத்தின் தொலைபேசி இலக்கம்.

வந்த நன்கொடை, போஸ்டரை அச்சடித்த செலவுக்கே போதவில்லை. முதல் இரண்டு வாரமும் பிரஷாந்தினி தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அது அடிக்காமல் இல்லை. விடாமல் அடித்தது. ஆனால் அழைத்தவர்கள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

வெர்டனிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அந்த அம்மா இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறாரா?" ஒரு பல்கலைக்கழக மாணவன், தானும் தனியாகத்தான் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, வேறொன்றும் சொல்லத் தெரியாமல் தொலைபேசியை வைத்தான். லொங்குய்யிலிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது. ரொஜே என்று பெயர் சொன்னார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மனைவி இறந்து இரண்டு வருடம். "நான் அந்த மதாமோடு ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடலாமா? சாப்பாட்டை நானே கொண்டுவருவேன்," என்றார்.

"ஆள் ஆரெண்டு தெரியாது. கவனம்," என்றார் கிருபானந்தன்.

குழுக் கூட்டத்தில் ஜினெத், போஸ்டர் தோற்றுவிட்டது என்றார். பிரஷாந்தினி ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் யாரும் எதிர்பாராதது.

"அழைத்தவர்கள் எல்லோரையும் ஒரு வெள்ளிக்கிழமை இங்கே வரச் சொல்லுவோம். இந்த நிலவறையில் மேசை போடுவோம்."

"நாங்கள் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். உணவகம் நடத்துகிறவர்கள் அல்ல."

"ஓம். அதைத்தான் இவ்வளவு காலமும் நான் விளம்பரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஆனால் ஆட்கள் கேட்பது வேறொன்றை."

ஜினெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு வெள்ளிக்கிழமை," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மார்ச் மாதத்துப் பனி கொட்டியது. மடக்கு மேசைகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீள மேசையாக்கி, மேலே தேவாலயத்தின் வெள்ளைத் துணியை விரித்திருந்தார்கள். இந்தப் பனிக்குள் யார் வரப்போகிறார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருவராக வந்தார்கள். சப்பாத்தை உதறியபடி, கூச்சத்தோடு, கையில் எதையாவது மூடிப் பிடித்துக்கொண்டு. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரம் ஒன்றை ரொஜே பெரிதாகத் தானே அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். நெடிய மனிதர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

வரவேண்டியவர் வரவில்லை. பிரஷாந்தினி அழைத்தபோது பாலாம்பிகை தொலைபேசியில் சீறினார்.

"முன்னப்பின்ன தெரியாத சனத்தோட இருந்து நான் ஏன் பிள்ளை சாப்பிடவேணும்? நான் என்ன காட்சிப் பொருளோ?"

"அவையள் எல்லாரும் உங்களைப் பாக்க வந்திருக்கினம் அன்ரி."

"படத்தைப் பாத்ததுதானே. காணும்."

கிருபானந்தன்தான் மண்வெட்டியையும் உப்புப் பையையும் வானில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அந்தச் சுருள் படியை மேலிருந்து கீழ்வரை அவர் வழித்து, உப்புத் தூவி, பிறகு மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். "அக்கா, படி காய்ஞ்சுபோச்சு. இறங்கிப் பாருங்கோ, பிடிக்காட்டி ஏறுவம்," என்றாராம். நவம்பருக்குப் பிறகு பாலாம்பிகை அந்தப் படியில் கால் வைத்தது அன்றுதான். ஒவ்வொரு படிக்கும் நின்று, கைபிடியை இறுக்கிப் பிடித்து, தன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார் என்று பின்பு கிருபானந்தன் சொன்னார். பாதிப் படியில் நின்று தெருவைப் பார்த்து, "ஐயோ, முன்வீட்டுக்காரன் கதவுக்குப் பச்சை அடிச்சிட்டான்," என்றாராம்.

பாலாம்பிகை நிலவறைக்குள் வந்தபோது சாப்பாடு தொடங்கிவிட்டது. அதே அரக்குச் சேலை, மேலே குளிர்ச்சட்டை. யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். பாலாம்பிகை ஒருவரையும் பாராமல் நடந்துவந்து, ரொஜேக்கு எதிரில் காலியாக இருந்த கதிரையில் இருந்தார். ரொஜே எழுந்து, ஒரு துண்டு இறைச்சிப் பையை வெட்டி, தன் கையாலேயே அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

பாலாம்பிகை கோப்பையைப் பார்த்தார். பிரஷாந்தினியைப் பார்த்தார்.

"பிள்ளை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன் எண்டு இந்த மனுசனுக்குச் சொல்லும்."

முழுக் காலையையும் செலவழித்து ரொஜே சுட்ட பை அது. பிரஷாந்தினி மெதுவாகப் பிரெஞ்சில் விளக்கினாள். ரொஜே நெற்றியில் கையால் அடித்துக்கொண்டார்.

"என் அம்மாவும் அப்படித்தான்! வெள்ளிக்கிழமை வீட்டில் இறைச்சி மணக்கவே கூடாது. மறந்துபோனேன் பாருங்கள். அம்மா இருந்திருந்தால் எனக்கு நல்ல அடி விழுந்திருக்கும்."

அதை அவள் தமிழில் சொன்னபோது பாலாம்பிகையின் முகம் மாறியது. "அவரின்ர அம்மாவும் விரதமோ?" என்று கேட்டார். கோப்பையை ரொஜேயின் பக்கம் தள்ளிவிட்டு, பாண் துண்டையும் பருப்பையும் எடுத்துக்கொண்டார். பருப்பை வாயில் வைத்ததும் கிருபானந்தனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மேசை முழுவதும் சிரித்தது, ஏனென்று தெரியாமலே.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை என்று தொடங்கியது, அடுத்த வாரமும் நடந்தது. அதற்கடுத்த வாரமும் நடந்தது. ரொஜே அடுத்த முறை இறைச்சிக்குப் பதிலாகச் சீனி வைத்துச் சுட்ட பை கொண்டுவந்தார். அந்த மேசையில் இறைச்சி வைப்பதில்லை என்பது யாரும் எழுதாத சட்டமாயிற்று. வெர்டன் பெண் வந்தாள். தொலைபேசியில் பேசத் தெரியாத அந்த மாணவன் வந்து, பரீட்சைக் காலங்களிலும் தவறாமல் வந்து, படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போகும்போது அழுதான். பாலாம்பிகையிடம் இருந்த பிரெஞ்சு முழுவதும் தொழிற்சாலைப் பிரெஞ்சு: கெதியாக, இன்னுமொன்று, முடிந்தது, நூல் அறுந்துபோச்சு. அதை வைத்துக்கொண்டே ரொஜேயோடு மணிக்கணக்காகக் கதைத்தார். ரொஜே தன் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது பாலாம்பிகை தமிழில் பதில் சொல்வார். ஒருவருக்கொருவர் எவ்வளவு விளங்கியது என்று பிரஷாந்தினி ஒருநாள் கேட்டாள்.

"எல்லாம் விளங்குது," என்றார் பாலாம்பிகை. "உம்மட அங்கிளோட முப்பது வருசம் தமிழிலதான் கதைச்சனான். இவ்வளவு விளங்கேல்லை."

மெல்ல மெல்ல அந்த மேசையைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. பிறகு மானியம் கொடுப்பவர்கள் வந்து பார்த்தார்கள். மேசையின் ஓரத்தில் இருந்து சாப்பிட்டும் பார்த்தார்கள். சமையற்கூடம் பிழைத்துக்கொண்டது. வேறு பகுதிகளிலும் இதைப்போல மேசைகள் போடப்பட்டன. பிரஷாந்தினியின் பெயர் அந்தத் துறையில் பரவியது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். போஸ்டர் தோற்ற கதையை அவள் மேடைகளில் சொல்வாள்; ஆட்கள் சிரிப்பார்கள்; சொல்லச் சொல்ல அது கொஞ்சம் மெருகேறியும் விட்டது.

ஆறாவது வருடம் அகதிகளுக்கு வீடு ஒழுங்குசெய்யும் பெரிய நிறுவனம் ஒன்று அவளை அழைத்தது. நல்ல காரியம், பெரிய பொறுப்பு. ரதீசனும் போகச் சொன்னான். வெள்ளிக்கிழமை மேசையில் அவள் அதைச் சொன்னபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். பாலாம்பிகை மட்டும் கோப்பையைக் குனிந்து பார்த்தபடி இருந்தார்.

"அன்ரி, கோவமோ?"

"எனக்கென்ன கோவம். உமக்கு வேலை மாறுறது லேசு. நான் இனி எங்க மாறுறது?"

"நான் ஒவ்வொரு வெள்ளியும் வருவன்."

"வாரும்," என்றார் பாலாம்பிகை. நம்பாதவர் சொல்கிற மாதிரியே அதைச் சொன்னார்.

முதல் வருடம் அவள் அடிக்கடி போனாள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. வேலை இழுத்தது, மகள் வளர்ந்தாள், அம்மா நோயில் விழுந்து இறந்தார். பிறகு லொங்குய் வேலை வந்தது. வெள்ளிக்கிழமைகள் மற்ற நாட்களைப் போலவே ஆகிவிட்டன. தொற்றுநோய்க் காலத்தில் மேசையை மடித்து வைத்தார்கள். அந்தக் கோடையில் மகன் வந்து பாலாம்பிகையைக் கல்கரிக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்து அவர் தொலைபேசியில் ஒருமுறை பேசினார்: "இங்க மலை இருக்கு பிள்ளை. பாத்துக்கொண்டே இருக்கலாம். ஆனா அது ஒண்டும் திருப்பிக் கதைக்குதில்லை."

இரண்டு குளிர்காலம் கழித்துக் கிருபானந்தன் அழைத்தார். பாலாம்பிகை உறக்கத்திலேயே போய்விட்டார் என்றார். அப்போதுதான் மேசையைத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள்.

"ரொஜேக்குச் சொன்னீங்களோ அண்ணை?"

"சொன்னனான். வெள்ளிக்கிழமை வந்தவர். அக்காவின்ர கதிரையில ஒருத்தரையும் இருக்க விடேல்லை. தான் வழமையா இருக்கிற இடத்தில இருந்து, அந்தப் பக்கத்தைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டு முடிச்சார். எழும்பி மெர்சி, நன்றி எண்டு சொன்னார். எங்களுக்கில்லை, கதிரைக்கு. பேந்து போயிட்டார்."

அந்த அழைப்புக்குப் பிறகு பிரஷாந்தினி அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடுத்த வெள்ளி போகவேண்டும் என்று நினைத்தாள். போகவில்லை. யாரைப் பார்க்கப் போவது என்று இருந்தது.

ரயில் பெரி நிலையத்தில் நின்றது. பச்சைக் கோட்டுக்கு மாறி வீட்டுக்குப் போகவேண்டியவள், செம்மஞ்சள் கோட்டில் ஏறி, என்.டி.ஜி.க்குப் போகும் வில்லா-மரியா நிலையத்தில் இறங்கினாள். ஜூன் மாதத்து வெயில் இன்னும் நின்றது. பால்கனிகளில் ஆட்கள் கால் நீட்டி இருந்தார்கள். நகரத்தில் எல்லோரும் வீடு மாறும் ஜூலை முதலாம் தேதி நெருங்கியதால் பழைய மெத்தைகள் தெருவோரம் சாய்ந்திருந்தன. தேவாலயத்தின் பக்கக் கதவு திறந்திருந்தது. படியில் இறங்கும்போதே சத்தம் கேட்டது.

வாசலில் ஹெயிட்டி நாட்டுப் பெண் ஒருத்தி நின்றாள். மரி-ஆஞ்ச் என்று நெஞ்சில் பெயர் ஒட்டியிருந்தாள். சமையற்கூடத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள். கிருபானந்தன் ஓய்வுபெற்று ஸ்காபரோவுக்குப் போய்விட்டார் என்பது பிரஷாந்தினிக்குத் தெரியும்.

"போன்ஜூர்! முதல் தடவையா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை. முன்பு வந்திருக்கிறேன்." கொஞ்சம் தயங்கி, "ரொஜே வருகிறாரா?" என்று கேட்டாள்.

"ரொஜேயைத் தெரியுமா? இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதக் கடைசியில் மகள் கூட்டிவருவாள். அடுத்த வாரம் வாருங்கள், பார்க்கலாம்." அதற்குள் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட, "எங்கே இடம் இருக்கிறதோ அங்கே இருங்கள்," என்று உள்ளே அனுப்பினாள்.

மேசை முன்பைவிட நீளமாக இருந்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நிற்பதா திரும்புவதா என்று அவள் யோசித்த நேரம், ஓரத்தில் தனியாக இருந்த ஓர் இளம் பெண் கைப்பையை எடுத்து மடியில் வைத்து இடம் கொடுத்தாள். நெற்றியில் சிறிய பொட்டு.

"நீங்க தமிழா?" என்றாள் அவள். "அப்பாடா! நான் மாளவிகா. கோயம்புத்தூர். வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. அவர் லேப்ல இருந்து வர்றதுக்கே ராத்திரி ஆயிடும். இங்க யார்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியலை."

"நான் பிரஷாந்தினி. பயப்பிடாதேங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடியே தொடங்கவேண்டியதுதான்."

மாளவிகா சிரித்தாள். சோறும் பயறும் மேசையின் மறுமுனையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தன. பிரஷாந்தினி வாங்கி முதலில் அவளுக்குப் போட்டாள்.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

இந்தக் கேள்விக்கு இருபத்தைந்து வருடமாக அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இன்று இல்லை. அது வெறுமையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இவ்வளவு இலேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"இண்டையோட முடிஞ்சுது. இனித்தான் பாக்கவேணும்."

"அப்ப ஃப்ரீயா இருக்கீங்க! அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவீங்களா? தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா எனக்கும் வரத் தோணும்."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முதியவர் தண்ணீர்ச் சாடியைக் கேட்டார். பிரஷாந்தினி எட்டி அவரிடம் கொடுத்தாள். அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

"வருவன்," என்றாள் மாளவிகாவிடம். "கொஞ்சம் வெள்ளனவே வாங்கோ. மேசையை விரிக்கிறதுக்கு எப்பவும் ஆள் காணாது."